இரு சக்கர இயக்கப் பிக்கப் ஒன்றை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றியமைத்தல்: ஒட்டுசுட்டான் பகுதிப் பால் வண்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் வட பகுதியான வன்னியில், ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடைப்பட்ட காட்டோரக் கிராமங்களில் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்களிடம் காலையில் பால் எடுத்து, பிரதான வீதியோரம் உள்ள குளிரூட்டும் நிலையத்துக்குக் கொண்டு சேர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், 2023 பெப்ரவரிக் கடைசியில் எங்கள் பட்டறைக்கு வந்தார். அவரிடம் இருந்தது 1990களின் தொடக்கத்து ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், எல்.என். 85 வகை, 2,446 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள 2எல் டீசல் இயந்திரம் பூட்டியது, பின் சக்கரங்கள் மட்டும் இயங்குவது. இயந்திரமும் செசியும் (அடிச்சட்டமும்) நல்ல நிலையில் இருந்தன. "வண்டியில குறை ஒண்டும் இல்லை, பாதைதான் குறை" என்று அவர் சொன்னதைப் பட்டறைக் கொப்பியில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

வன்னியில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடும் வங்காள விரிகுடாத் தாழமுக்கங்களோடும் கொட்டித் தீர்ந்துவிடும். அதே காலத்தில்தான் காலபோக நெல் வயலில் நிற்கிறது. பட்டிகள் வயலை விட்டு மேட்டுக்காட்டுக்குள் தள்ளிப் போகின்றன. உழவு இயந்திரங்கள் ஏறி இறங்கி வண்டிப்பாதைகளில் முழங்கால் ஆழச் சுவடுகளை வெட்டிவிடுகின்றன. பால் ஏற்றுபவருக்கு இது மற்றவர்களைவிடக் கடுமையான காலம். நெல் மூட்டை ஒரு நாள் பிந்தினாலும் நெல்லாகவே இருக்கும். குளிரூட்டாத பாலோ இந்த வெக்கையில் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். நிலைய வாசலில் சோதித்துத் திருப்பி அனுப்பினால் அன்றைய கூலி, டீசல், பட்டிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம் மூன்றும் ஏற்றியவரின் தலையில் விழும்.

2022/23 காலபோகத்தில் வண்டி புதைந்து வேறொருவரை அழைக்க நேர்ந்த நாட்களை அவர் குறித்து வைத்திருந்தார். மொத்தம் இருபத்தியிரண்டு நாட்கள். அந்தப் பருவத்தில் எரிபொருள் கியூ.ஆர். முறையில் வாராந்த அளவுக்கே கிடைத்ததால், வெளியே இழுத்துவிட உழவு இயந்திரக்காரர்கள் இலேசில் வர மறுத்தார்கள் என்பதும் அவருடைய முறைப்பாடு.

நேரில் கண்டவை

வேலையை ஒப்புக்கொள்ளும் முன், கடைசி மழையின் ஈரம் பாதையில் இருக்கும்போதே நான் ஒரு காலை அவருடன் போனேன். நாற்பது லீற்றர்க் கேன்கள் பதினான்கு வெறுமையாகப் பின்னால் இருந்தன. நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, வண்டி திணறியது பாலோடு திரும்பும்போதல்ல, வெறுமையாக உள்ளே போகும்போதே. பால் நிறைந்தால் 560 லீற்றர், கேன்களின் நிறையைச் சேர்க்காமலே ஏறக்குறைய 580 கிலோகிராம், பின் அச்சின் மேல் உட்கார்ந்து ரயர்களை மண்ணில் அழுத்திப் பிடிக்கிறது. வெறுமையாக இருக்கும்போது இயந்திரத்தின் பாரம் முழுவதும் முன் சக்கரங்களின் மேல் இருக்க, தள்ள வேண்டிய பின் சக்கரங்களோ இலேசாகிவிடுகின்றன. அவற்றிலும் ஒன்று சுரியில் இறங்கினால், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் டிபரன்சல் எல்லாச் சுழற்சியையும் அந்த ஒன்றுக்கே கொடுத்துவிடும்.

இதை அவரும் தம் வழியில் அறிந்திருந்தார். மண் மூட்டைகளைப் பின்னால் போட்டுக்கொண்டு போவதும், பட்டியில் பால் ஏற்ற இடமும் பாரமும் வேண்டியிருப்பதால் அவற்றை அங்கேயே இறக்கிவிட்டு வருவதும் வழக்கமாக இருந்தது. பட்டி வாசலில் அப்படி இறக்கிய மூட்டைகள் ஒரு சிறு காவலரண்போலக் குவிந்து கிடந்தன. மறுநாளுக்கு மறுபடியும் மண் நிரப்ப வேண்டும்.

எடுத்த முடிவும் காரணமும்

நான்கு வழிகள் பேசப்பட்டன. வண்டியை விற்றுவிட்டு நான்கு சக்கர இயக்க வண்டி வாங்குவது முதலாவது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போதும் திறக்கப்படாததால் உள்நாட்டிலுள்ள பழைய வண்டிகளின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. இரண்டாவது, சேற்றைப் பிடிக்கும் கட்டை ரயரும் பின் டிபரன்சலுக்குப் பூட்டும் போட்டுச் சமாளிப்பது. இதுவே மிகக் குறைந்த செலவு. இன்றும் வயலோரம் வரை மட்டும் போகிறவருக்கு இதையே சொல்வேன். ஆயினும் வெறும் பெட்டியோடு போகும் வண்டியில் இரண்டு இலேசான சக்கரங்களை ஒன்றாகப் பூட்டினாலும் அவை இலேசான சக்கரங்களே. பாரம் இருப்பது முன்னால் என்பதால், முன் சக்கரங்களும் இழுக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம்.

மீதி இரண்டும் மாற்று வேலைகள். எல்.என். 106 போன்ற நான்கு சக்கர இயக்க ஹைலக்ஸ் ஒன்றின் முழுச் செசியை எடுத்து அதன் மேல் இவருடைய கபினையும் பெட்டியையும் தூக்கி வைப்பது ஒன்று. இவருடைய செசியிலேயே முன் அச்சு, கியர்பெட்டி, சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்பர் பெட்டி ஆகியவற்றைப் பூட்டுவது மற்றொன்று. முதலாவதில் ஒட்டு வேலை குறைவு, அளவுகள் தொழிற்சாலை அளவுகளாகவே இருக்கும். ஆனால் வாகனத்தின் சட்ட அடையாளம் செசி இலக்கமே. இலக்கம் மாறினால் பதிவுப் புத்தகம் பொருந்தாது என்பதால் அந்த வழியை அன்று விலக்கினோம். இந்த முடிவு முழுவதும் சரியல்ல என்பதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

வேலைக்குக் குறித்த காலம் மே முதல் செப்ரெம்பர் வரை. சிறுபோகக் காலத்தில் பாதைகள் காய்ந்திருக்கும். பாலை வாடகை வண்டியில் ஏற்றலாம்.

சாமான் சேகரித்தது

முன் அச்சு, அதன் பட்டை ஸ்பிறிங்குகள், ஸ்ரியரிங் பெட்டி, ட்ரான்ஸ்பர் பெட்டியோடு சேர்ந்த கியர்பெட்டி, ஒயில் சம்ப் (இயந்திரத்தின் அடியிலுள்ள ஒயில் தொட்டி) ஆகியன கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து ஒரே தொகுதியாக வந்தன. கியர்பெட்டியை இயந்திரத்தோடு பொருத்துவதில் சிரமம் இருக்கவில்லை; எல், 2எல், 3எல் இயந்திரங்களின் பின் முகம் ஒரே அமைப்பு. ட்ரான்ஸ்பர் பெட்டி பல்சக்கர வகை. கீழ்நிலையில் சுழற்சியை 2.28 மடங்கு குறைப்பது.

பின் அச்சு அந்தத் தொகுதியில் இருக்கவில்லை. முதலில் பழைய பின் அச்சையே வைத்துக்கொள்ள எண்ணியிருந்தோம். ஆனால் இரு சக்கர இயக்க ஹைலக்ஸின் சக்கரம் 114.3 மில்லிமீற்றர் வட்டத்தில் ஐந்து நட்டுக்களால் இறுக்கப்படுவது. நான்கு சக்கர இயக்கத்தினது 139.7 மில்லிமீற்றர் வட்டத்தில் ஆறு. முன்னுக்கு ஒரு றிம்மும் பின்னுக்கு ஒரு றிம்மும் என்றால் இரண்டு மேலதிகச் சக்கரங்களைக் காட்டுக்குள் கொண்டு திரிய வேண்டும். அதனால் ஆறு நட்டுப் பின் அச்சு ஒன்றை வவுனியாவில் வேறோர் இடத்தில் வாங்கினோம். விற்றவர் அதுவும் அதே வகை வண்டியில் கழற்றியது என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஒரே வகை வண்டியிலும் டிபரன்சலின் பற்கணக்கு (அதன் இரு பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கை விகிதம்) வேறுபடலாம்.

இதை அறியாமல் வாங்கிவிட்டோம் என்று சொல்லவும் முடியாது. இரண்டு அச்சுகளையும் சோதித்தே வாங்கினோம். சோதித்த முறைதான் பிழை. சக்கரத்தை ஒரு முறை சுற்றினால் டிபரன்சலின் முகப்பு (சாப்ட் வந்து பூட்டும் இடம்) எத்தனை முறை சுற்றுகிறது என்று பார்ப்பது வழக்கம். ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்து மறுபக்கத்தை மட்டும் சுற்றினால் உண்மைக் கணக்கின் பாதியே தெரியும். நாங்கள் பார்த்தது அந்தப் பாதிக்கணக்கை, அதுவும் ஒரே ஒரு சுற்றுக்கு. இரண்டு அச்சிலும் "இரண்டும் கொஞ்சமும்" என்று வந்தது. ஒன்றில் அந்தக் கொஞ்சம் 0.05, மற்றதில் 0.28 என்பதைக் கண்மதிப்பு காட்டவில்லை. பத்துச் சுற்றுச் சுற்றியிருந்தால் ஒன்றில் இருபதரையும் மற்றதில் இருபத்திரண்டே முக்காலும் வந்து உண்மை அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

பட்டறை வேலை

முன்பக்கத்தில் ஸ்பிறிங்காக இருந்த டோர்சன் பார், மேல் கீழ்க் கைகள், அவற்றைத் தாங்கிய குறுக்குச் சட்டம் ஆகியன வெட்டி எடுக்கப்பட்டன. பட்டை ஸ்பிறிங்கின் தாங்கிகளைச் செசியில் ஒட்டுவது இந்த வேலையின் ஆபத்தான பகுதி. செசிச் சட்டத்துக்குக் குறுக்கே நேர்க்கோட்டில் ஒட்டினால் அந்தக் கோட்டில்தான் பின்னொரு நாள் வெடிக்கும் என்பதால், முனைகளைச் சாய்வாக வெட்டிய தகடுகளை முதலில் ஒட்டி, அவற்றின் மேலேயே தாங்கிகளை அமைத்தோம். அச்சைப் பூட்டும் முன் வண்டியைச் சம தளத்தில் நிறுத்தி, முன் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவுக்கு இரு பக்கமும், பிறகு மூலைக்கு மூலையும் நூல் பிடித்து அளந்தோம். இதற்கு மூன்று நாள் போனது. வீண்போன நாள் என்று நான் கருதவில்லை.

2எல் இயந்திரத்தின் பழைய சம்ப் முன் டிபரன்சல் எழும்பும் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. நான்கு சக்கர இயக்கச் சம்ப் இதற்கென்றே வேறு வடிவில் செய்யப்பட்டது. சம்பை மாற்றுகிறவர்கள் ஒயில் உறிஞ்சும் குழாயையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய குழாயைப் புதிய சம்புக்குள் விட்டால் வாய் ஒயிலை எட்டாமல் நிற்கலாம், அல்லது அடியில் முட்டி அடைபடலாம்.

ஸ்ரியரிங் முறையும் மாறியது. இரு சக்கர இயக்கத்தில் இடம் வலமாக அசைந்த கை, இதில் முன்பின்னாக அசைந்து ஒரு தண்டின் மூலம் சக்கர முழங்கையைத் தள்ளி இழுக்கிறது. பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் சாப்ட்டை லேத் பட்டறையில் வெட்டிக் குறுக்கி ஒட்டுவித்தோம். இரு முனைகளிலுமுள்ள கவைகள் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தே பூட்டினோம். முன் சக்கரங்களுக்கு, அவற்றை முன் அச்சின் சுழற்சியோடு இணைக்கவும் பிரிக்கவும் கையால் பூட்டித் திறக்கும் ஹப் வைத்தோம். ரயர் 195 ஆர் 14 இலிருந்து 205 ஆர் 16 ஆகப் பெருத்தது.

ஒரு விடயம் ஏறத்தாழத் தவறிப்போனது. பின் அச்சுக்கும் செசிக்கும் இடையில் ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட பிறேக் வால்வு இருக்கிறது. பாரம் ஏறி வண்டி தாழும்போது அது பின் பிறேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். மாற்று வேலையால் பின்பக்கம் உயர்ந்துவிட, பால் நிறைந்திருந்தாலும் வால்வுக்கு வண்டி வெறுமையாகவே தோன்றியது. மண் மூட்டை ஏற்றிப் பிறேக் பிடித்துப் பார்த்தபோது முன் சக்கரங்கள் மட்டும் இறுகின. கம்பியின் தாங்கியை இறக்கிச் சரிசெய்தோம்.

முதல் ஓட்டம்

செப்ரெம்பர் கடைசியில் வண்டி ஓடியது. இரு சக்கர இயக்கத்தில் ஏ9 வீதியில் மாங்குளம் வரை ஓட்டியபோது மணிக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் முன்பக்கம் அலைந்தது. தாங்கிகளை ஒட்டியபோது அச்சு சற்று முன்னோக்கிச் சுழன்று நின்றதால், ஸ்ரியரிங் தானாக நேருக்குத் திரும்பும் தன்மையை இழந்திருந்தது. ஸ்பிறிங்குக்கும் அச்சுக்கும் இடையில் ஆப்புத் தகடு வைத்து அச்சைப் பின்னோக்கிச் சாய்த்தபின் அது நின்றது.

நான்கு சக்கர இயக்கத்தைச் சோதிக்க, உரிமையாளர் தமது வளவுக்குப் பின்னால் தண்ணீர் விட்டுச் சேறாக்கிய நிலத்தைக் காட்டினார். வெறும் பெட்டியோடு வண்டி அதைக் கடந்து போனதைப் பார்க்க அயலவர்கள் வந்திருந்தார்கள். நாங்களும் மகிழ்ந்தோம். சோதனை நடந்த இடமே எங்களை ஏமாற்றியது என்பதை அறிய ஒன்றரை மாதம் ஆகியது.

நவம்பரில் நேர்ந்தது

வண்டியை ஓட்டியவர் உரிமையாளரின் பெறாமகன். மழை தொடங்கியபின் முதல் வாரங்களில் புதைந்த செய்தி ஒன்றும் வரவில்லை. நவம்பர் நடுவில், இரண்டு நாள் மழை விட்டுக் கிறவல் வீதி இறுகியிருந்த ஒரு காலையில், பாலோடு திரும்பிய வண்டி ஒரு மதகடியில் முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது பெரிய வெடிச்சத்தத்தோடு நின்றது. வலப்பக்க முன் சக்கரத்தின் சி.வி. ஜொயின்ற் (சக்கரம் திரும்பினாலும் அதற்குச் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) கிண்ணம் பிளந்திருந்தது. வேறு வண்டி வந்து சேர்வதற்குள் அன்றைய பால் முழுவதும் கெட்டுவிட்டது.

பழைய சாமான், உலோகம் களைத்திருக்கும் என்பதே என் முதல் எண்ணம். புதிய ஜொயின்ற் ஒன்று தேடி அனுப்பிவிட்டு விடயத்தை முடித்திருப்பேன். பெறாமகனிடம் நடந்ததைக் கேட்டபோதுதான் கதை மாறியது. "அண்ணை, போர் வீல்ல நேரா போனாலும் ஸ்ரியரிங் கல்லு மாதிரி இறுகும். கொம்பும் திரும்பி வராது. நாலடி ரிவேர்ஸ் போனா கழண்டிடும்" என்றார். கொம்பு என்றது நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு எடுக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டியின் கைப்பிடியை. இரண்டு கிழமையாக அப்படியே ஓட்டியிருக்கிறார். புதிதாக மாற்றிய வண்டியின் குணம் அதுதான் போலும் என்று எண்ணி யாரிடமும் சொல்லவில்லை.

"நேராப் போனாலும்" என்ற சொல்லே நோயைக் காட்டியது. நடுவில் டிபரன்சல் இல்லாத இவ்வகை நான்கு சக்கர இயக்கத்தில், இறுகிய நிலத்தில் வளைந்து திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வழி போக வேண்டியிருப்பதால் இறுக்கம் ஏறுவது இயல்பு. நேராகப் போகையில் அது ஏறக்கூடாது. ஏறினால், முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் உருளவில்லை என்பதே பொருள்.

இரண்டு டிபரன்சல்களையும் திறந்து பற்களை எண்ணினோம். முன்னது 41க்கு 9, அதாவது 4.556. பின்னது 41க்கு 10, அதாவது 4.1. ட்ரான்ஸ்பர் பெட்டி இரண்டு சாப்ட்டுகளையும் ஒரே வேகத்தில் சுற்றுகிறது. ஆகவே பின் சக்கரங்கள் நூறு மீற்றர் போகும்போது முன் சக்கரங்கள் தொண்ணூறு மீற்றர் போகவே விரும்பும். மீதிப் பத்து மீற்றரை யாராவது வழுக்கித் தீர்க்க வேண்டும். சேற்றில் ரயர் வழுக்கித் தீர்த்தது. அந்த வழுக்கலைச் சேற்றின் வழுக்கல் என்றே எல்லோரும் எண்ணினோம். இறுகிய கிறவலில் ரயர் வழுக்க மறுக்க, முன் சக்கரங்கள் பிறேக் பிடித்தவைபோல இழுபட்டன; அந்த முறுக்கம் முழுவதும் சாப்ட்டிலும் ஜொயின்றிலும் ஏறி, சக்கரம் முழுக்க ஒடிந்து ஜொயின்ற் மிகப் பலவீனமாக நிற்கும் கோணத்தில் வெடித்தது. ரிவேர்ஸ் போனால் முறுக்கம் எதிர்த்திசையில் அவிழ்வதால்தான் கொம்பு கழன்றது.

திருத்தமும் அதற்கான தெரிவும்

முன்னதை 4.1 ஆக்குவதா, பின்னதை 4.556 ஆக்குவதா என்பது கேள்வி. இவ்வண்டியின் முன், பின் டிபரன்சல்கள் இரண்டும் எட்டங்குல வகை. பற்சக்கரங்கள் அடங்கிய நடுக்குண்டை அப்படியே இழுத்து மாற்றலாம். உரிமையாளர் செலவு குறைந்ததைச் செய்யச் சொன்னார். நாங்கள் பின்னதை மாற்றும்படி வற்புறுத்தினோம். காரணம் ரயரில் இருந்தது. பழைய ரயரின் விட்டம் ஏறக்குறைய 67 சென்ரிமீற்றர், புதியது 73. ஒன்பது, பத்து வீதக் கூடுதல். கழற்றி வைத்திருந்த பழைய ஐந்து நட்டு அச்சையும் எண்ணிப் பார்த்தபோது அது 4.1 ஆகவே இருந்தது. 4.1இலிருந்து 4.556க்குப் போவது பதினொரு வீதக் கூடுதல். பெரிய ரயர் இயந்திரத்தின் மேல் ஏற்றும் பாரத்தை இந்தப் பற்கணக்கு இறக்கிவிடும். 2எல் இயந்திரத்துக்கு வீதியில் பழைய இழுவையே கிடைக்கும். 4.1 வைத்தால் பாலோடு மேடு ஏறும்போதெல்லாம் ஒரு கியர் குறைக்க வேண்டிவரும்.

41க்கு 9 நடுக்குண்டு ஒன்றை, இம்முறை இரு பக்கச் சக்கர முனைகளையும் சேர்த்துப் பத்துத் தடவை சுற்றி எண்ணி வாங்கினோம். மாற்றுவது ஒரு நாள் வேலை. வண்டி நின்றதோ பன்னிரண்டு நாள், எல்லாம் சாமான் தேடிய நாட்கள். திருத்தியபின் முதலில் போனது சேற்றுக்கல்ல, இறுகியிருந்த கிறவல் வீதிக்கு. நான்கு சக்கர இயக்கத்தில் நேராக அரைக் கிலோமீற்றர் ஓட்டி, நிறுத்தாமலே கொம்பை எடுத்துப் பார்த்தோம். வழுக்கிக்கொண்டு வந்தது. கிலோமீற்றர் மானியை ஏ9 வீதியின் கிலோமீற்றர்க் கற்களோடு ஒப்பிட்டதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பருவத்தின் மீதி

2023 டிசெம்பர் நடுவில் முல்லைத்தீவு மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கிய நாட்களில் வண்டி ஓடவில்லை. ஓட முயலவும் கூடாது என்று சொல்லியிருந்தோம். மீதி நாட்களில், பெப்ரவரி வரை, வெளியே இழுக்க ஆள் தேவைப்பட்டது இரண்டு தடவை. ஒரு தடவை உழவு இயந்திரச் சுவடுகளுக்கு நடுவிலுள்ள திடலில் முன் டிபரன்சல் குந்திக்கொண்டது. சக்கரங்கள் தரையைத் தொடாத இடத்தில் எத்தனை சக்கரம் சுழன்றும் பயனில்லை. அதன்பின் பெறாமகன் ஒரு பக்கச் சக்கரத்தைத் திடலில் ஏற்றியே ஓட்டுகிறார். மற்றத் தடவை ஹப்பைப் பூட்ட மறந்து கொம்பை மட்டும் போட்டிருக்கிறார். சேற்றுக்குள் இறங்கி ஹப்பைத் தேடிப் பூட்டுவது மனிதருக்குப் பிடித்த வேலையல்ல. ஆகவே தார் வீதி முடியும் சந்தியிலேயே பூட்டிவிட்டு, திரும்பும்போது அதே சந்தியில் திறக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினோம்.

ஜனவரியில் டிபரன்சல் ஒயிலை இறக்கியபோது முன்னது பால் நிறமாக வந்தது. ஓடிச் சூடேறிய அச்சு தண்ணீருக்குள் இறங்கிக் குளிரும்போது, மூச்சுத் துளையால் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. துளைக்கு இறப்பர்க் குழாய் பூட்டி இயந்திர அறையின் மேற்பகுதி வரை கொண்டுபோய் விட்டோம். டீசல் செலவு முன்னையதைவிடக் கூடியிருக்கிறது. கூடுதல் இரும்பைச் சுமப்பதால் அது எதிர்பார்த்ததே. மொத்தச் செலவு முதலில் சொன்னதைப்போல ஒன்றரை மடங்கு ஆகியது. உரிமையாளர் முகம் சுளித்தார். ஆனால் மண் மூட்டை நிரப்பவில்லை.

பதிவு, காப்புறுதி

இதில் நாங்கள் நடந்த வரிசை பிழையானது. செசியில் வெட்டி ஒட்டும் மாற்றத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியை முதலில் கேட்டிருக்க வேண்டும். "வேலை முடியட்டும், காட்டிக்கொள்வோம்" என்ற உரிமையாளரின் சொல்லுக்கு நாங்கள் இசைந்துவிட்டோம். வேலை முடிந்தபின் விண்ணப்பித்ததால், ஒட்டிய தகடுகளின் தடிப்பையும் அளவுகளையும் பூட்டிய வண்டியின் அடியில் படுத்து மறுபடி அளந்து வரைபடமாக்க நேர்ந்தது. அதைவிடப் பாரதூரமானது, நவம்பரில் ஜொயின்ற் வெடித்த அந்தக் காலையில் வண்டி காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்கப்படாத மாற்றத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. மதகடியில் எதிரே ஒருவர் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

மறுபடி செய்வதானால்

செசி மாற்றும் வழியை இலக்கம் பொருந்தாது என்று விலக்கியதைத்தான் முதலில் மறுபரிசீலனை செய்வேன். செசி இலக்கம் மாறக்கூடாது என்பது உண்மை. ஆனால் கபின் உக்கி, செசியும் பதிவுப் புத்தகமும் ஒழுங்காக உள்ள நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றை முழுதாக வாங்கி, அதன் மேல் இவருடைய நல்ல கபினை வைத்திருந்தால், சட்டத்தின் கண்ணில் அது அந்த வண்டியாகவே இருந்திருக்கும்; மாற்றியது உடலை மட்டும். அதற்கும் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். ஆனால் சுமைதாங்கும் ஒட்டு ஒன்றுகூட இருந்திராது. முன் அச்சும் பின் அச்சும் ஒரே வண்டியில் பிறந்தவையாக இருந்திருக்கும். பற்கணக்குச் சிக்கலே எழுந்திராது. உதிரியாகச் சேர்த்த எங்கள் சாமான்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால், அப்படியான ஒரு வண்டியின் விலைக்கு அதிகம் குறைவில்லை.

உதிரியாகவே சேர்க்க நேர்ந்தால், டிபரன்சலைத் திறந்து பல்லை எண்ணாமல் பணம் கொடுக்க மாட்டேன். கடைக்காரர் திறக்க விடாவிட்டால் பத்துச் சுற்று, இரு பக்கமும் சேர்த்து, முகப்பில் சுண்ணக்கட்டியால் அடையாளம் போட்டு. முதல் சோதனை இறுகிய நிலத்தில் நேராக, அதன்பின்னரே சேறு. வண்டியைக் கையளிக்கும்போது ஓட்டுபவரிடம் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னோம். எது நடந்தால் நிறுத்திவிட்டுத் தொலைபேசி எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இப்போது அதை ஒரு தாளில் எழுதி ஸ்ரியரிங்கின் மேல் சூரிய மறைப்பில் ஒட்டிவிடுகிறோம். முதல் வரி கொம்பு திரும்பி வராமை பற்றியது.

பிளந்த ஜொயின்ற் கிண்ணம் பட்டறை மேசையில் இருக்கிறது. கழற்றி எடுத்த பழைய ஐந்து நட்டு அச்சையும் அதன் சக்கரங்களையும் உரிமையாளர் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டிக்குப் பூட்டி, பட்டிகளுக்கு வைக்கோல் ஏற்றுகிறார்.